ஆயில் எஞ்சினும் அதைத் திறந்த கைகளும்: மதுரைச் சமவெளியின் கிணற்றுப் பாசனம்

மதுரைச் சமவெளியின் பாசன வரலாறு பெரும்பாலும் வைகையின் வரலாறாகவும் பெரியாற்று அணையின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. 1895 அக்டோபரில் பென்னிகுயிக் கட்டிய அணையின் நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பியதும், அது பேரணையிலிருந்து வாய்க்காலாகப் பிரிந்து மேலூர் வரை ஓடியதும், 1959இல் வைகை அணை திறக்கப்பட்டதும் பாடநூல்களில் இடம்பெற்ற செய்திகள். ஆனால் வாய்க்கால் நீர் எட்டிய நிலத்தைவிட எட்டாத நிலமே இவ்வட்டாரத்தில் மிகுதி. திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர், உசிலம்பட்டிப் பக்கங்களில் கரிசலாகவும் செம்மண்ணாகவும் விரிந்து கிடக்கும் அந்த மேட்டு நிலங்களில் கண்மாய் பெருகிய ஆண்டில் ஒரு போகம் நெல் விளையும், மற்ற ஆண்டுகளில் கிணறு இருந்தவனுக்கே பச்சை கண்ணில் படும். வாய்க்கால் பாசனமுள்ள வாடிப்பட்டி, சோழவந்தான் பகுதிகளிலும்கூட, வெற்றிலைக் கொடிக்காலுக்கும் தென்னைக்கும் வாய்க்கால் அடைக்கப்பட்ட மாதங்களில் நீர் தந்தது கிணறுதான். மதுரையின் பெயரைச் சுமந்து 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மல்லிகைக்கும் பெருமளவில் கிணற்று நீரே ஆதாரம்.

இந்தக் கிணறுகளின் இயல்பு புரிந்தால்தான் அவற்றின்மேல் வந்து அமர்ந்த எந்திரங்களின் வரலாறும் புரியும். மதுரைச் சமவெளியின் அடியில் இருப்பது பழமையான கடினப் பாறை; மேலே உள்ள மண்ணுக்கும் கீழே உள்ள உடையாத பாறைக்கும் இடையில், சிதைந்தும் வெடித்தும் கிடக்கும் ஓர் அடுக்கில்தான் ஊற்று நிற்கிறது. ஆற்றுப்படுகைச் சமவெளிகளில் போலக் குறுகிய குழாய் ஒன்றை இறக்கி நீரை உறிஞ்ச முடியாத இடம் இது. எனவே பாறையை வெடிவைத்துத் தகர்த்து, ஊற்று கசிந்து நிரம்புவதற்கு இடம் கொடுக்கும் வகையில் அகன்ற சதுரக் கிணறுகளையே இங்கு வெட்டினர். ஐப்பசி, கார்த்திகை மழையில் கிணறு விளிம்புவரை வருவதும், பங்குனி, சித்திரையில் அடிப்பாறை தெரிய வற்றுவதும் ஆண்டுதோறும் நிகழ்வன. நீர்மட்டம் இவ்வாறு ஏறியிறங்குவதே, இறைக்கும் கருவி எதுவாயினும் அதற்கு நிரந்தரச் சிக்கலாக இருந்தது.

எந்திரம் வருவதற்கு முன்பு அந்த நீரை மேலேற்றியது கமலை. கிணற்று விளிம்பில் நாட்டிய தூண்களுக்கிடையே உருளையைப் பொருத்தி, அதன்மேல் ஓடும் வடத்தின் ஒரு முனையில் சால் என்ற இரும்பு நீர்க்கலனையும் மறுமுனையில் எருதுகளின் நுகத்தடியையும் பிணைத்து, சரிவான பாதையில் எருதுகள் இறங்கும்போது நீர் மேலே வருமாறு அமைத்த ஏற்பாடு இது. சாலின் அடியில் தைத்த தோல் வால், மெல்லிய வால்கயிற்றால் மடக்கிப் பிடிக்கப்பட்டு மேலேறும். விளிம்புக்கு வந்ததும் கயிறு தளர, நீர் தொட்டிக்குள் தானே கொட்டிவிடும். ஒரு முறைக்கு நூறு லிட்டருக்கு மேல் நீர் வரும் என்றாலும், ஒரு சோடி எருதும் ஓர் ஆளும் விடியலுக்கு முன் தொடங்கி வெயில் ஏறும்வரை இறைத்தால்தான் ஒரு சிறு தோட்டம் நனையும்.

கமலையின் பராமரிப்பு ஊருக்குள்ளேயே முடிந்துவிடும் காரியமாக இருந்தது என்பதும், அது சாதி வாரியாகப் பங்கிடப்பட்டிருந்தது என்பதும் பின்னர் நேர்ந்த மாற்றத்தை விளங்கிக்கொள்ளத் தேவையான செய்திகள். உருளையையும் தூணையும் ஆசாரி செதுக்கினார். சாலின் இரும்பைக் கொல்லர் தட்டினார். தோல் வாலை அருந்ததியர் தைத்து, எண்ணெய் ஊட்டிப் பதப்படுத்தி, கிழிந்தபோது ஒட்டுப்போட்டனர். கூலி பணமாக அன்றி, அறுவடைக் களத்தில் தானியமாக அளக்கப்பட்டது. தோல் தைத்தவருக்கும் தோட்டக்காரருக்கும் இடையே இருந்தது கொடுக்கல் வாங்கல் மட்டுமன்று. தீண்டாமையின் வேலிக்குள் அடைக்கப்பட்ட உறவு அது. கமலை மறைந்தபோது அந்தக் கட்டு தளர்ந்தது, களத்துத் தானியமும் நின்றது. ஆனால் அதற்கு ஈடான வேலை எஞ்சின் பட்டறைகளில் அவர்களுக்குத் தானாக வந்துவிடவில்லை. கிணற்று எந்திரமயத்தைப் புகழ்ந்து எழுதுவோர் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் விட்டுவிடுவது வழக்கம்.

சென்னை மாகாணத்தில் கமலைக்கு மாற்றாக எண்ணெயில் ஓடும் எஞ்சினை முன்வைத்தவர்களில் முதன்மையானவர் ஆல்பிரட் சாட்டர்டன். பொறியியல் பேராசிரியராகச் சென்னைக்கு வந்து, கலைத்தொழிற் பள்ளியின் தலைவராகி, அங்கே அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கிவைத்த இவர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் கமலையும் ஏற்றமும் எவ்வளவு நீரை என்ன செலவில் இறைக்கின்றன என்று அளந்து பார்த்து, எஞ்சினும் சுழல் பம்பும் சேர்ந்தால் அதைவிட மலிவாக இறைக்கும் என்று வாதிட்டார். சுழல் பம்பு என்பது, கூண்டுக்குள் வேகமாகச் சுழலும் ஒரு சக்கரத்தின் விசையால் நீரை வெளித்தள்ளி, அதனால் உண்டாகும் வெற்றிடத்தின் வழியே கீழிருந்து நீரை உறிஞ்சும் கருவி. மாகாணத் தொழில்துறை 1908 வாக்கில் இவர் பொறுப்பில் உருவாகி, எஞ்சின் நிறுவவும் துளையிட்டு ஊற்றுத் தேடவும் உழவர்களுக்கு உதவியது. அரசு தொழில் நடத்துவதை விரும்பாத லண்டன், இந்தியச் செயலர் மார்லி பிரபுவின் 1910ஆம் ஆண்டு ஆணையின் மூலம் துறைக்குக் கடிவாளமிட்டபோதும், பம்பு வேலை அடியோடு நின்றுவிடவில்லை. நில மேம்பாட்டுக்காக 1883ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்ட தக்காவிக் கடன், பணமுள்ள மிராசுதாருக்கேனும் எஞ்சின் வாங்க வழிகாட்டியது.

அக்காலத்து எஞ்சின்களில் பெயர்பெற்றது இங்கிலாந்தின் கிரந்தம் நகரில் ஹார்ன்ஸ்பி நிறுவனம், ஹெர்பர்ட் அக்ராய்டு ஸ்டுவர்ட்டின் காப்புரிமைப்படி 1890களில் இருந்து செய்துவந்த வகை. இதன் தலைப்பகுதியில் குமிழ் போன்ற ஓர் இரும்பறை இருக்கும். ஊதுவிளக்கால் அதைச் சூடேற்றிக் கனலவைத்த பிறகே எண்ணெய் பற்றி எஞ்சின் ஓடும், ஓடத் தொடங்கிய பின் அதன் சூடே அதற்குப் போதும். மின்பொறியும் காந்தமும் தேவைப்படாத இந்த எளிமை கிராமத்துக்கு ஏற்றதுதான். ஆயினும் எஞ்சினை நம்பி எருதை விற்க யாரும் துணியவில்லை. காரணம் விலை மட்டுமன்று. ஒரு வளையம் தேய்ந்தாலோ ஒரு தாங்கி உருகினாலோ அதைச் சரிசெய்யும் ஆள் பட்டணத்தில் இருந்தார். நின்ற எஞ்சின் நாள்கணக்கில் நின்றது, வெயிலில் பயிர் அதுவரை காத்திராது.

அந்த ஆள் மதுரையிலேயே உருவாக இரண்டு தலைமுறை ஆயிற்று. 1875இல் ரயில் மதுரைக்கு வந்தது; 1890களில் ஹார்வி சகோதரர்களின் மதுரா மில் ஓடத் தொடங்கியது; நீராவி எஞ்சினையும் சுழல்தண்டையும் கையாளத் தெரிந்த பணிமனைத் தொழிலாளர் கூட்டம் ஒன்று இந்நகரில் நிலைபெற்றது. திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1911இல் தொடங்கிய நிறுவனம், பேருந்து ஓட்டியதோடு நிற்காமல், வண்டிகளைப் பழுதுபார்க்கும் பணிமனைகளையும் கட்டியெழுப்பி, உள் எரி எஞ்சினை, அதாவது எரிபொருள் உருளைக்குள்ளேயே எரிந்து உந்தும் எஞ்சினை, நகரத்துப் பையன்களுக்குப் பழக்கமான பொருளாக்கியது. இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் பங்கீட்டுக்கு வந்தபோது மரக்கரியை எரித்து அதிலிருந்து வரும் வாயுவால் வண்டியை ஓட்டும் கருவியை டி.வி.எஸ். தயாரித்தது, வண்டியின் பின்புறம் உலையைச் சுமந்து புகைந்துகொண்டு போன கரி கேஸ் பஸ் அத்தலைமுறைக்கு நன்றாக நினைவிருந்த ஒன்று. கரி வாயுவில் ஓடும் எஞ்சின் சாம்பலாலும் தாராலும் அடிக்கடி அடைத்துக்கொள்ளும். அதை அன்றாடம் கழற்றித் துடைத்து மாட்டியவர்களுக்கு எஞ்சின் என்பது பூட்டிய பெட்டியாக இருக்கவில்லை. போர்க்காலத் தட்டுப்பாடு மதுரைக்குக் கொடுத்த பெரிய கொடை இந்தக் கைப்பழக்கம் என்றே கொள்ள வேண்டும்.

போருக்குப் பின் வந்த எஞ்சினும் வேறு வகையாக இருந்தது. இங்கிலாந்தின் டர்ஸ்லி ஊரில் லிஸ்டர் நிறுவனம் 1930 வாக்கில் வெளியிட்ட ஒற்றை உருளை டீசல் எஞ்சினுக்கு ஊதுவிளக்கு வேண்டியதில்லை. உருளைக்குள் காற்றை மிகையாக அழுத்தும்போது உண்டாகும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். நிமிடத்துக்கு 650 சுற்று ஓடி 6 குதிரைத்திறன் தரும் அதன் பின்வந்த வகையில், உருளையின் விட்டம் நாலரை அங்குலம், உந்துதண்டின் ஓட்டம் ஐந்தரை அங்குலம். இருபுறமும் கனத்த சக்கரங்கள். மெதுவாக ஓடுவதால் தேய்மானம் குறைவு. உறுப்புகள் பெரியவையாகவும் எண்ணிக்கையில் குறைந்தவையாகவும் இருப்பதால் கண்ணால் பார்த்தே குறையைக் கண்டுபிடிக்கலாம். காப்புரிமைக் காலம் கடந்ததும் குஜராத்தின் ராஜ்கோட் பட்டறைகள் இதன் படிகளை வார்த்துத் தள்ளின. 1946இல் புனே அருகே கிர்க்கியில் தொடங்கப்பட்ட கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின் நிறுவனம் நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடும் 5 குதிரைத்திறன் எஞ்சினைச் செய்தது. இது எடை குறைந்தது, பம்போடு ஒரே சட்டத்தில் பூட்டப்பட்டு வந்தது. கோயம்புத்தூரில் 1926இல் தொடங்கிய பி.எஸ்.ஜி. தொழிற்பயிலகமும், 1937இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவிலேயே முதலாவதாகச் செய்த மின்மோட்டாரும் வளர்த்த பம்புத் தொழில், மதுரைக்கு ஒரு நாள் பயணத் தொலைவில் உதிரிப்பாகச் சந்தையையும் உண்டாக்கிக் கொடுத்தது. நில அடமான வங்கிகளின் கடனும், 1966க்குப் பின் ஐ.ஆர்.8 போன்ற குறுகிய கால நெல் கேட்ட நேரத்தில் தண்ணீர் கேட்டதும் சேர்ந்து, எஞ்சினைப் பணக்காரத் தோட்டத்திலிருந்து நடுத்தர உழவனின் கிணற்றுக்குக் கொண்டுவந்தன.

நடுத்தர உழவன் வாங்கியது பெரும்பாலும் புது எஞ்சின் அன்று. போருக்குப் பின் ராணுவம் கழித்துக்கட்டிய பொருள்கள் ஏலத்துக்கு வந்ததில் தொடங்கி, அரிசி மில்லும் டூரிங் டாக்கீசும் மாற்றிக்கொண்ட எஞ்சின்களும், பின்னர் மின் இணைப்புக் கிடைத்த தோட்டத்திலிருந்து கழற்றப்பட்ட எஞ்சின்களும் கைமாறிக்கொண்டே இருந்தன. கரண்ட் வந்த ஊரில் வேண்டாததாகிப்போன எஞ்சின் கரண்ட் வராத ஊரில் மாப்பிள்ளை மரியாதையோடு வண்டியில் ஏறியது. இத்தகைய எஞ்சினை வாங்குவதற்கென்றே ஒரு பார்வைமுறை வழக்கில் இருந்தது. சக்கரத்தைக் கையால் சுற்றி அழுத்தக் கட்டத்தில் அது திமிறி எதிர்க்கிறதா என்று பார்ப்பர். எதிர்ப்பின்றிச் சுற்றினால் வளையமோ வால்வோ தேய்ந்ததென்று பொருள். தண்டைப் பக்கவாட்டில் அசைத்துத் தாங்கியின் ஆட்டத்தைக் கணிப்பர். எண்ணெய்த் தொட்டியில் விரலை விட்டு அதில் உலோகத்தூள் மின்னுகிறதா என்று வெயிலில் காட்டிப் பார்ப்பர். ஓடவிட்டுப் புகையின் நிறத்தைப் பார்ப்பது கடைசிச் சோதனை: கரும்புகை என்றால் டீசல் சரியாகத் தெறிக்கவில்லை, நீலப்புகை என்றால் வளையத்தைத் தாண்டி மசகெண்ணெய் எரிகிறது, ஓயாத வெண்புகை என்றால் அழுத்தம் போதாமல் டீசல் எரியாமலே வெளியேறுகிறது அல்லது உள்ளே தண்ணீர் கசிகிறது.

எஞ்சினைப் பேணிய முறையைச் சற்று விரிவாகவே சொல்லலாம். பழுதுபார்த்தவர்களின் பெயர் எந்தப் பதிவிலும் இல்லாதபோது, அவர்கள் செய்த வேலையே அவர்களுடைய வரலாறு. எஞ்சினை எழுப்புவதே ஒரு பயிற்சி. அழுத்தத்தைத் தளர்த்தும் நெம்பைத் தூக்கிவைத்து, கைப்பிடியால் சக்கரத்தை வேகம் பிடிக்கும்வரை சுற்றி, நெம்பைச் சட்டென்று விட வேண்டும். கைப்பிடியைப் பற்றும்போது கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைக்க வேண்டும் என்பது முதல் பாடம். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் வளைத்துப் பிடித்த கட்டைவிரல் முறிந்துபோகும். டீசல் குழாயில் காற்று புகுந்தால் எஞ்சின் எழாது. அதற்குக் குழாயின் சிறு திருகைத் தளர்த்தி, டீசல் பம்பைக் கையால் அழுத்தி, குமிழி வருவது நின்று தெளிந்த டீசல் வழியும்வரை காத்திருந்து திருகை இறுக்குவர். தகர டின்னில் மாட்டுவண்டியிலும் சைக்கிளிலும் வந்த டீசலில் தூசியும் தண்ணீரும் இருக்கும் என்பதால், பழைய வேட்டித்துணியை மடித்து வடிகட்டி ஊற்றுவது வீட்டுப் பெண்களும் அறிந்த வேலை.

அதையும் மீறி அடைத்துக்கொள்வது நாசில், அதாவது டீசலை மிக உயர்ந்த அழுத்தத்தில் மூடுபனிபோல் உருளைக்குள் தெறிக்கவிடும் நுண்துளை முனை. அதைக் கழற்றி, குழாயோடு வெளியே வைத்து, ஒருவர் சக்கரத்தைச் சுற்ற மற்றவர் தெறிப்பைப் பார்ப்பார். புகைபோல் விரிந்தால் நல்லது. நூல்போல் ஓடினாலோ சொட்டினாலோ முனையைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, மென்மையான செப்புக் கம்பியால் துளையின் கரியை நீக்குவர். தெறிப்பின் முன்னே கையை நீட்டக் கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் புகும்.

ஆண்டுக்கொரு முறையேனும், பெரும்பாலும் கிணறு வற்றி எஞ்சினுக்கு வேலையற்ற கோடையில், தலையைத் திறப்பது வழக்கம். வால்வு அமரும் விளிம்பில் அரைப்புப் பசையைத் தடவி, வால்வை உள்ளங்கைகளுக்கிடையே கடைகோல் உருட்டுவதுபோல் முன்னும் பின்னும் உருட்டி, விளிம்பு முழுவதும் சீரான சாம்பல்நிற வளையம் தெரியும்வரை அரைப்பர். சரியாக அமர்ந்ததா என்று அறிய, துவாரத்தில் மண்ணெண்ணெயை ஊற்றிவைத்துக் கசிவைப் பார்ப்பர். ஒரு பீடி புகைத்து முடிப்பதற்குள் ஈரம் தெரியவில்லை என்றால் வேலை முடிந்தது. பிஸ்டன் வளையங்கள் கரியில் ஒட்டிக்கொண்டிருந்தால் ஊறவைத்து விடுவிப்பர். புது வளையத்தை வெறும் உருளைக்குள் தள்ளி, அதன் இரு முனைகளுக்கிடையே உள்ள இடைவெளியைப் பார்த்து அரத்தால் சரிசெய்வர். தலைக்கும் உருளைக்கும் இடையே இருக்கும் செப்புத்தகடு புதிதாகக் கிடைக்காதபோது, பழையதைத் தணலில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு இளக்கி மறுபடி பயன்படுத்தினர். இதற்குமேல் உருளையே தேய்ந்து முட்டைவடிவாகிப்போனால்தான் மதுரைக்கு, லேத் பட்டறைக்கு, வண்டி கட்ட வேண்டியிருந்தது. அங்கே உருளையைச் சற்றே அகலமாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போட்டுக் கொடுத்தனர். கே. புதூர் தொழிற்பேட்டையும் அரசினர் தொழிற்பயிற்சி நிலையமும் வந்தபின் இத்தகைய பட்டறைக்குக் கையாள் பஞ்சம் குறைந்தது.

எஞ்சினைவிட அதிகமாகத் தொல்லை கொடுத்தது பம்பு. சுழல் பம்பு நீரை உறிஞ்ச வேண்டுமானால் அதன் குழாய் முழுவதும் முன்கூட்டியே நீர் நிரம்பியிருக்க வேண்டும்; அந்த நீரை இறங்கவிடாமல் தடுப்பது குழாயின் அடியில் இருக்கும் புட்வால்வு என்ற ஒருவழிக் கதவு. அதன் தோல் வாசரில் சிறு கல்லோ சுள்ளியோ சிக்கினால் எவ்வளவு நீர் ஊற்றினாலும் நில்லாது. கிணற்றில் முங்கி அதைக் கழற்ற நீச்சல் தெரிந்த ஆள் வேண்டும். ஆள் வரும்வரை சாணத்தைக் கரைத்துக் குழாயில் ஊற்றினால் அந்தக் கரைசல் நுண்கசிவுகளில் படிந்து அடைத்துக்கொள்ளும், பம்பும் பிடித்துக்கொள்ளும். எந்தக் கம்பெனியின் கையேட்டிலும் காணமுடியாத இந்த உத்தி தமிழ்நாட்டின் கிணற்று மேடுகளில் எங்கும் தெரிந்திருந்தது. சுழல்தண்டு பம்புக்குள் நுழையும் இடத்தில் காற்று புகாதிருக்க, மாட்டுக்கொழுப்பிலோ கிரீசிலோ தோய்த்த நூல்கயிற்றைச் சுற்றினர். கசியும் வாசருக்குச் சைக்கிள் டியூபை வெட்டிப் போட்டனர். தோல் வாலைத் தைத்துப் பழகிய மண்ணில் தோலும் கயிறும் கொழுப்பும் எஞ்சினோடும் வந்து ஒட்டிக்கொண்டதில் வியப்பில்லை. பல ஊர்களில் முதல் எஞ்சின் மிஸ்திரி, கமலை உருளையைச் செதுக்கியவரின் மகனாகவோ சால் தட்டியவரின் மகனாகவோ இருந்ததும் இயல்பாக நிகழ்ந்ததே.

இதே கதைக்கு ஒரு கடற்கரைப் பதிப்பும் உண்டு. மதுரைக்குக் கடல் இல்லை என்றாலும், குமரிக் கரையின் வள்ளங்களிலும் கட்டுமரங்களிலும் 1980களில் மண்ணெண்ணெயில் ஓடும் வெளிமோட்டார், அதாவது படகின் பின்விளிம்பில் மாட்டிக் கழற்றத்தக்க மோட்டார், பரவியபோது அங்கும் உடைமையாளனே முதல் மெக்கானிக்காக வேண்டியிருந்தது. ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் நல்ல நீரை மோட்டாருக்குள் ஓடவிட்டு உப்பைக் கழுவுவது, பொறிமுனையைக் கழற்றித் துடைப்பது, பழையதை வாங்கும்போது உப்பரித்த பாகங்களைத் தட்டிப் பார்ப்பது ஆகியவை கரையிலேயே கற்கப்பட்டன. மீனவர் கூட்டுறவுக் கூட்டமைப்புகள் பழுதுபார்க்கும் மையங்களைத் தொடங்கியது இந்தத் தேவையை உணர்ந்துதான். வயல் பம்புக்கென்று செய்யப்பட்ட சிறு டீசல் எஞ்சின்களே நீண்ட தண்டு பூட்டப்பட்டு நாட்டுப்படகுகளுக்கும் ஏறின. கடலில் உப்பு செய்த வேலையைக் கிணற்றில் செய்தது கடின நீர்: பம்பின் நீரையே எஞ்சினைக் குளிர்விக்கத் திருப்பியதால், எஞ்சினின் நீர்ச்சட்டைக்குள், அதாவது உருளையைச் சுற்றியுள்ள இடைவெளியில், சுண்ணாம்புபோல் படிவு இறுகி, சூடு தாங்காமல் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். சுரண்டி எடுப்பதற்கு வளைந்த கம்பிகளை மிஸ்திரிகள் தாமே அடித்து வைத்திருந்தனர்.

எஞ்சினின் வீழ்ச்சிக்கு அதன் குறைபாட்டைக் காரணமாகச் சொல்வது எளிது, முழு உண்மையாகாது. இயற்கை விதித்த ஓர் எல்லை இருந்தது: மேலே நிற்கும் சுழல் பம்பு ஆறு, ஏழு மீட்டர் ஆழத்துக்குக் கீழிருந்து நீரை உறிஞ்சாது. நீர்மட்டம் இறங்க இறங்க, கிணற்றுச் சுவரில் பாறையைக் குடைந்து மேடை அமைத்துப் பம்பை இறக்க வேண்டியிருந்தது. எஞ்சினையும் உடன் இறக்கினால் அதன் புகை கிணற்றுக்குள் தேங்கி ஆளை மயக்கிக் கொல்லும் என்பதால், எஞ்சினை மேலே நிறுத்தி நீண்ட பெல்ட்டால் கீழுள்ள பம்பைச் சுழற்றினர். புகை விடாத மின்மோட்டாருக்கு இந்தத் தொல்லை இல்லை. 1932இல் பைக்காராவிலும் 1944இல் பாபநாசத்திலும் தொடங்கிய நீர்மின்சாரம், 1957இல் மின்வாரியம் அமைந்தபின், காமராசர் ஆட்சியின் கிராம மின்னிணைப்பு வேகத்தில் தோட்டங்களை எட்டியது. பெரியாற்று நீரே கீழ்முகாம் மின்நிலையத்தில் சுழலியைச் சுற்றிவிட்டுத்தான் மதுரைக்கு வந்தது. 1973இல் எண்ணெய் விலை உலகெங்கும் ஏறியபோது டீசல் எஞ்சின் வைத்திருந்தவன் திண்டாடினான். மின்கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் எழுந்த உழவர் போராட்டங்களின் நீண்ட அழுத்தத்துக்குப் பின், 1990இல் தமிழக அரசு எல்லா உழவர்களுக்கும் பாசன மின்சாரத்தை இலவசமாக்கியது. மின்சாரம் இலவசமான அன்றே டீசலுக்குக் காசு கொடுத்து இறைப்பது கணக்குக்கு ஒவ்வாத செயலாகிவிட்டது. எஞ்சினை வென்றது மோட்டாரின் திறன் அன்று. கட்டணப் பட்டியலில் இருந்த சுழியம்.

மோட்டார் எளிமையானது. ஆனால் உழவனின் கையில் அது திறக்கும் பொருளாக இருக்கவில்லை. அழுத்தம் குறைந்த மின்சாரத்தில் ஓடியோ, மூன்று பேசில் ஒன்று போனபோது கன்டென்சர் போட்டு இரண்டு பேசில் ஓட்டியோ காயில் எரிந்துபோனால், காயில் கட்டும் கடைக்குத் தூக்கிச் செல்வதைத் தவிர வேறு வழியில்லை. எரிந்த செம்பின் எடையைக் கழித்துக்கொண்டு புதுக் கம்பிக்கு விலை சொல்லப்பட்டது. கடைக்குப் போய்வரும் ஒரு வாரத்தில் மல்லிகை வாடும் என்பதால் பல தோட்டங்களில் பழைய எஞ்சின் துணைக்கு நிறுத்திவைக்கப்பட்டது. 1980களுக்குப் பின் திருச்செங்கோட்டு வண்டிகள் ஆழ்துளைக் கிணறுகளைத் துளைத்துத் தள்ளியபோது நிலைமை மேலும் மாறிற்று. ஊற்று நூறு மீட்டருக்கும் கீழே போனபின் நீர்மூழ்கி மோட்டாரோ, காற்றை அழுத்தி நீரை மேலேற்றும் கம்ப்ரசரோ தவிர வேறெதுவும் பயன்படவில்லை. முக்காலி நட்டுச் சங்கிலியால் குழாய் குழாயாக உருவியெடுக்க வேண்டிய நீர்மூழ்கி மோட்டாரில் உடைமையாளன் தன் கையால் செய்யத்தக்கது ஏறத்தாழ ஒன்றுமில்லை. இன்று தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வேளாண் மின் இணைப்புகள் உள்ளன. அவற்றில் பழுதுபார்ப்பு என்பது காசு கொடுத்து வாங்கும் சேவையாகவே இருக்கிறது.

கமலையின் தோலுக்கும் லிஸ்டரின் வால்வுக்கும் பொதுவாக இருந்த ஒன்று, கெட்டுப்போனால் கிணற்று மேட்டிலேயே சரிசெய்ய முடியும் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கை இருந்தவரை எருதை விற்று எஞ்சின் வாங்கும் துணிவு உழவனுக்கு வந்தது. சாட்டர்டனின் கணக்குகள் 1900களிலேயே சரியாக இருந்தும், எஞ்சின் பரவ நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது இடையில் மிஸ்திரிகள் உருவாக வேண்டியிருந்ததால்தான். கடனும் மானியமும் அதை விரைவுபடுத்தினவே அன்றி உண்டாக்கவில்லை. டர்ஸ்லியில் லிஸ்டரின் அந்த வகை உற்பத்தி 1987இல் நின்றுவிட்டது. ராஜ்கோட்டில் அதன் படிகளும் உதிரிப்பாகங்களும் அதற்குப் பின்னும் தொடர்ந்து வார்க்கப்பட்டு வந்துள்ளன. மதுரைப் பக்கத்துத் தோட்டங்களில் ஓலைக் கொட்டகைக்குள் துருப்பிடித்து நிற்கும் எஞ்சின்கள் இன்னும் காயலான் கடைக்கு எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றைத் திறந்து மூடிய முதல் தலைமுறை மிஸ்திரிகள் எண்பதைக் கடந்துவிட்டனர். மதுரையின் பல்கலைக்கழகமும் பொறியியல் கல்லூரிகளும் அணை கட்டியவர்களுக்குக் கொடுத்த கவனத்தில் ஒரு பங்கையேனும் இவர்களுக்குக் கொடுத்து, அவர்களுடைய சொற்களையும் கருவிகளையும் இந்தப் பத்தாண்டுக்குள் பதிவுசெய்ய வேண்டும்.